பன்னிரண்டு கிலோ

வின்கோ தொலைபேசியில் விசாரித்தது
என் நலத்தை அல்ல,
தன் இடுப்பு வாரை.

கடல்பஞ்சு எடுக்க இறங்குகிறவன்
மிதந்துவிடாமல் இருக்கக் கட்டிக்கொள்வது.
கான்வாஸ் வார், அதில் கோத்த ஈயக் கட்டி எட்டு,
ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ.
வீட்டைவிட்டுப் போன அன்று
ரேடியோவை, சவரக் கத்தியை,
நான் வாங்கிய மேசை விரிப்பைக்கூட
நினைவாக எடுத்துப் போனவன்
இதை விட்டுவிட்டான்.
மூன்று குளிர்காலமாகக் கேட்கவுமில்லை.

"கிராபன் தீவில் மறுபடி இறங்கப் போகிறேன்" என்றான்.
பிறகு ஒன்று சொன்னான். அதை எழுதமாட்டேன்.
ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியது போல என்பார்களே,
எனக்கு ஈயம் காய்ச்சிப் பழக்கம்.
அது இதற்கு மேல்.

ஸாக்ரெப் பழஞ்சந்தையில்
இரண்டு ரொட்டி விலைக்குக் கிடைத்தது அந்தப் பித்தளை அச்சு.
மரக்கைப்பிடி, கதவுக்கீல் போல ஒரு கீல்,
இரு பாதியையும் மூடினால் உள்ளே
ஒரு சிப்பாய் அளவுக்கு வெறுமை.
ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளிக்கும் என்று கேள்வி.
இது இளிக்கவில்லை,
வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.
வீட்டில் இருந்த ஈயம் அந்த வாரில்தான் இருந்தது.

பால்கனியில்தான் வேலை.
போரா காற்று வீசினால் சுடர் படுத்துவிடும், அன்று விடுமுறை.
மற்ற நாளில்
அச்சின் உள்ளை மெழுகுவர்த்திப் புகையில் கறுக்கவிடுவேன்.
உருகியதில் தீக்குச்சியின் வாலைத் தொட்டுப் பார்ப்பேன்:
பழுப்பானால் சரி,
கருகினால் அவசரப்பட்டுவிட்டேன்.
ஒரு சொட்டு மெழுகு விட்டதும்
அழுக்கெல்லாம் மேலே வந்து நிற்கும்.
வழித்தெறிந்தால் அடியில் கண்ணாடி,
அதில் என் மூக்கு.
ஊற்று. ஏழு எண்ணு. திற.

முதல் பத்துப் பேருக்குத் தலை இல்லை.
அச்சு சூடேறாமல் ஊற்றினால்
கழுத்தோடு நின்றுவிடுகிறது ஈயம்.
பத்துப் பேரையும் திரும்பக் கரண்டியில் போட்டேன்.
போரில் இந்த வசதி கிடையாது.
ஷிபெனிக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படகுச் சீட்டு அறையில் என்னோடு உட்காரும் தோன்கா
ஏன் நிறம் பூசவில்லை என்றாள்.
பூசினால் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.
இப்போதைக்கு எல்லோரும்
சாம்பல்.

சனிக்கிழமை வந்தான்.
வாசலிலேயே நின்றான், செருப்பைக் கழற்றவில்லை.
காலணிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து கொடுத்தேன்.
மூடியைத் திறந்தான்.
மண்டியிட்டவன், கொடி பிடித்தவன், முரசு கட்டியவன்,
ஒருவர் மேல் ஒருவராக
நெத்திலி அடுக்கியது போல.

ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு வண்டிக்குப் போய்
மீன் நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்து வந்தான்!
இந்த மனிதனோடுதான் பதினெட்டு வருடம்.

"பதினொன்று அறுநூறு. நானூறு கிராம் குறைகிறது."
"கசடு" என்றேன்.

ஒரு முரசுக்காரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
"இவனுக்கு வலது கை இல்லையே."
"காற்றுப் போகிற வழி அடைத்திருந்தது. அப்படி ஏழு பேர்."
"ஏன் உருக்கவில்லை?"
அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.
வாரை அவன் தோளில் போட்டேன், வெறும் கான்வாஸ்,
உப்பேறி விறைத்தது.

தோன்காவின் மைத்துனன் சொன்னான்:
பாய்த்துணியில் எட்டுப் பை தைத்து
வாரில் கோத்திருக்கிறானாம்.
இறங்கும்போது இடுப்பில் கலகலவென்று சத்தமாம்,
மீன்கள் விலகிப் போகின்றனவாம்.
அந்த மைத்துனன் எதையும் கூட்டித்தான் சொல்வான்.

கசடு முந்நூற்று முப்பத்து நாலு கிராம்தான்.
மீதி அறுபத்தாறு
என் சன்னலோரம் மண்டியிட்டு,
போரா அடிக்கும் நாளில்
பயணச் சீட்டுகள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.
அதற்கு முகம் சரியாக விழவில்லை.